டினோஜாவுக்கான மன்றாட்டு

ஞாயிற்றுக்கிழமை முதற்பூசையில் தன் மகளின் பெயர் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்ட பிறகு, அருள்நாயகி மூன்று நாட்களாக யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்தபடி செய்கிற வேலை என்பதால் அதில் ஒரு வசதி இருந்தது.

ஓலைத்தொடுவாய்க் கரையில் வள்ளங்கள் வந்து சேர்ந்ததும் வலைகளை மணலில் இழுத்துப் போடுவார்கள். வலைக்கு இரண்டு பெண்களாகக் குந்தியிருந்து, நூலில் சுற்றிக் கிடக்கும் நண்டுகளை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கால் முறியும். கால் முறிந்த நண்டை ஏற்றுமதிக்கு வாங்குகிற கொம்பனிக்காரர் எடுக்கமாட்டார்கள், அது வீட்டுக் கறிக்குத்தான் போகும். நூலும் அறக்கூடாது. பதினெட்டு வருடமாக இதைச் செய்து அருள்நாயகியின் விரல்நுனிகளில் உப்பு ஏறி ஏறி ஆறாத வெட்டுகள் இருந்தன. பங்குனி மாதம். வாடை ஓய்ந்து கடல் அசையாமல் கிடந்தது. எட்டு மணிக்கே முதுகு காந்தத் தொடங்கிவிடும்.

அவளோடு அதே வலையில் இருந்தவள் சிவபாக்கியம். ஐம்பது வயது தாண்டியவள். வாய்க்குக் கதவு வைக்காதவள் என்று கரையில் பெயர். அவளே மூன்று நாள் பொறுத்திருந்தாள் என்றால் அது பெரிய காரியம்.

"ஏன் நாயகி, மோள் சாப்பிடுறாளே?" என்றாள் நான்காம் நாள்.

"சாப்பிடுறாள்."

"நான் உங்கட கோயில் பக்கம் வாறேல்ல எண்டு உனக்குத் தெரியும். அண்டைக்கு முத்தம் கூட்டிக்கொண்டு நிண்டனான். எனக்கே கேட்டது. கேட்ட வாக்கில விளக்குமாத்தைப் போட்டிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டிட்டன். எந்தச் சாமிக்குப் போகுது எண்டு பாக்கேல்ல."

அருள்நாயகிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடுத்த நண்டின் காலில் சுற்றிய நூலைத் தேடினாள்.

"கடவுளிட்டச் சொன்னது பிழையில்லையடி. மைக்கில சொன்னதுதான்."

"நான் துண்டில எழுதிக் குடுத்தனான் அக்கா."

"துண்டை மைக்கில வாசிப்பினம் எண்டு தெரியாதோ உனக்கு?"

தெரியும். அதைத்தான் அவளும் நான்கு நாட்களாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோயிலில் வாசலோடு ஒரு சின்ன மரப்பெட்டி இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் யாருக்கு என்ன தேவையோ அதை எழுதி அதற்குள் போட்டுவிட்டால், ஞாயிறு பூசையில் மூப்பர் அலெக்ஸாண்டர் எடுத்து வாசிப்பார். வலை காணாமல் போனாலும், பிள்ளைக்கு நெருப்புக்காய்ச்சல் என்றாலும், கட்டாரில் இருக்கிற மகன் தொலைபேசி எடுக்கவில்லை என்றாலும் அந்தப் பெட்டிதான். ஒவ்வொன்றையும் வாசித்து முடித்ததும் கோயில் முழுவதும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும். வீட்டில் இருக்கிற நோயாளிகளும் பூசை காண வேண்டும் என்று கூரையில் இரண்டு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். சத்தம் கடல் வரைக்கும் போகும்.

மன்றாட்டு எழுதுவதில் அருள்நாயகிக்கு ஒரு கொள்கை இருந்தது. பொதுவாக எழுதினால் பொதுவாகத்தான் கிடைக்கும். நான்கு வருடத்துக்கு முதல், இயந்திரம் நின்று அவளுடைய கணவன் யோசேப்பின் வள்ளம் இரண்டு நாள் வராதபோது, வள்ளத்தின் இலக்கம், அதன் நிறம், கடைசியாகக் கண்ட இடம் எல்லாம் எழுதிப் போட்டவள். வள்ளம் வந்தது. அதே நம்பிக்கையில் இந்தமுறையும் ஒன்றையும் ஒளிக்காமல் எழுதியிருந்தாள். கம்பஸில் முதல் சோதினையில் இரண்டு பாடம் எழுதாமல் இடையில் எழும்பிப் போய், அதை வீட்டுக்கு மறைத்து, இப்போது மறுசோதினைக்குப் போகப் பயந்து படுத்திருக்கும் யோசேப் அருள்நாயகி மகள் டினோஜாவுக்காக.

மூப்பர் அலெக்ஸாண்டர் எழுதியிருப்பதில் ஒரு எழுத்தையும் விடுகிற மனிதர் இல்லை. கண்ணாடியைச் சரிசெய்து, சொல்லுக்குச் சொல் நிறுத்தி, மிகவும் அழுத்தமாக வாசித்தார். ஆண்கள் பக்கத்தில் நின்ற யோசேப்பின் பிடரி அசையாமல் இருந்ததை அருள்நாயகி பார்த்தாள். இரண்டு பாடத்தைப் பற்றி அவனுக்கு அந்த நிமிடம் வரைக்கும் ஒன்றும் தெரியாது. பிறகு முந்நூறு பேர் சேர்ந்து பதில் சொன்னார்கள். தலையிடி என்று வீட்டில் நின்ற டினோஜா அதை ஒலிபெருக்கியில் கேட்டாள்.

வாசிப்பார்கள் என்று தெரியும்தான். ஆனால் அந்தத் துண்டை மடித்துப் பெட்டிக்குள் தள்ளும்போது அவள் மனதில் ஊர் இருக்கவில்லை. மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள் வைத்திருந்த ஒன்றை இறக்கி வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அந்த விஷயம் அவளிடம் வந்து சேர்ந்ததே இன்னொருத்தி வாக்குத் தவறியதால்தான். டினோஜா வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கிறாள். அந்தத் தெருவில் கம்பஸுக்கு எடுபட்ட முதல் பிள்ளை. அங்கே புதிதாக வருகிற பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஐந்து பேருக்கும் ஒரு வழித்துணை என்று ஆள் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் மென்ரர் என்பார்கள். டினோஜாவின் மென்ரர் நுஸ்ரியா, மன்னார் பக்கத்து முஸ்லிம் பிள்ளை, அங்கேயே படித்து முடித்துத் தற்காலிகமாக வேலை செய்கிறவள். புதன்கிழமைகளில் அவளோடு மகள் நெடுநேரம் தொலைபேசியில் கதைப்பது அருள்நாயகிக்குத் தெரியும். சிநேகிதி என்று நினைத்திருந்தாள். படிப்பு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த டினோஜா இரண்டாவது கிழமை தொலைபேசியை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். பத்து நாள் பார்த்துவிட்டு நுஸ்ரியா, அவசரத்துக்கென்று டினோஜா கொடுத்திருந்த இலக்கத்துக்கு எடுத்தாள். அது அருள்நாயகியின் இலக்கம். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று டினோஜா தன்னிடம் கேட்டிருந்ததையும் சொல்லி, ஆனாலும் சொல்கிறேன் என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஒருவருக்கும் சொல்லாமல் பிள்ளைக்குப் பக்கத்தில் இருங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

பக்கத்தில் இருப்பது என்றால் என்ன செய்வது என்று அருள்நாயகிக்குத் தெரியவில்லை. சமைத்துக் கொடுத்தாள். தலைக்கு எண்ணெய் வைக்கட்டா என்று கேட்டாள். மகள் வேண்டாம் என்றாள். மூன்றாம் நாள் துண்டு எழுதினாள்.

இப்போது வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஒருத்தி மருதமடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த எண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். ஒருத்தி வல்லாரைச் சம்பல் கொண்டுவந்தாள், ஞாபகசக்திக்கு. இன்னொருத்தி கண்ணூறு என்றாள், தெருவில் ஒரே ஒரு பிள்ளை கம்பஸுக்குப் போனால் ஊர்க் கண் எல்லாம் அந்தப் பிள்ளையில்தானே விழும் என்று, தன்னுடைய கண்ணை அதில் சேர்க்காமல் சொன்னாள். யாரும் கெட்ட எண்ணத்தில் வரவில்லை. அதுதான் பெரிய பாரமாக இருந்தது. எல்லோருக்கும் தேத்தண்ணீர் வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அறைக்குள் டினோஜா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தாயோடு அவள் கதைப்பதை நிறுத்தியிருந்தாள். கோபமாகக்கூட ஒன்றும் சொல்லவில்லை. சோற்றுக் கோப்பையைக் கொடுத்தால் வாங்கினாள்.

யோசேப் ஒரே ஒரு தடவை சொன்னான். "ஊரில நாந்தான் கடைசி ஆள். ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பிறகு எனக்கும் சொன்னதுக்குப் பெரிய உபகாரம்." அதன்பிறகு கிழிந்த வலை பொத்துவதற்குக் கரையில் இருக்கிற வாடிக்குப் போய்விட்டான். இரண்டு நாளாக மத்தியானச் சாப்பாடும் அங்கேதான்.

கோயிலில் நடந்ததைத் தொலைபேசியில் கேட்டறிந்த நுஸ்ரியா, வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். அருள்நாயகி அன்றைக்குக் கரையிலிருந்து நேரத்தோடு வந்தாள். வருகிறவளுக்கு என்னத்தைச் சமைத்துக் கொடுப்பது என்பதுதான் முதல் கவலை. வீட்டிலிருந்த சட்டிகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பெருநாளுக்குப் பன்றி காய்ச்சியிருந்தது. எத்தனை தடவை கழுவினாலும் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. பேசாலைச் சந்திக்குப் போய் ஒரு புதுச்சட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். கால் முறிந்த நண்டு நாலைந்து கிடைத்திருந்தது. முருங்கையிலை போட்டுக் குழம்பு வைத்தாள்.

நுஸ்ரியா பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பெரிய ஆளாக இருப்பாள் என்று அருள்நாயகி நினைத்திருந்தாள். வந்தது மெலிந்த ஒரு பிள்ளை. இருபத்தாறு வயது இருக்கும். கழுதைகள் இரண்டு தெருவை அடைத்துக்கொண்டு நின்றதில் பயந்து, சுற்றிப் பனைகளுக்குள்ளால் வந்ததில் செருப்பெல்லாம் மணல்.

"வாங்கோ மிஸ். இருங்கோ," என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள் அருள்நாயகி.

"மிஸ் எல்லாம் வேண்டாம் அன்ரி. டினோஜா எங்க?"

அறையைக் காட்டினாள். நுஸ்ரியா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கதவை மூடவில்லை. அருள்நாயகி குசினிக்குப் போனாள். அறை யன்னலுக்கும் குசினிக்கும் இடையில் ஒரு தகரம்தான். ஒட்டுக் கேட்க அவள் போகவில்லை. அடுப்பில் சோறு இருந்தது. ஆனால் சோறு வடித்த பிறகும் அங்கேயே நின்றாள்.

பிறகு மகளின் குரல். ஐந்து நாளுக்குப் பிறகு அதில் முழு வசனம் ஒன்று வந்தது.

"ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம். சொன்னனான்."

"நான் அதை நம்பினனான் அக்கா."

"ஓம்."

"இப்ப மன்னிப்புக் கேக்க வந்தனீங்களா, கூட்டிக்கொண்டு போக வந்தனீங்களா?"

"ரெண்டுக்கும். ஒண்டாவது சரிவரும் எண்டு."

நுஸ்ரியா மெதுவாகத்தான் கதைத்தாள். போன வருடம் தன்னுடைய ஐவரில் ஒரு பிள்ளை இப்படித்தான் தொலைபேசியை நிறுத்தியது என்றும், தனியாக விட்டால் சரியாகும் என்று தான் இருந்துவிட்டதாகவும் சொன்னாள். டினோஜா, அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை, வீட்டில் இருக்கிறாள், திரும்பி வரவில்லை என்றாள் நுஸ்ரியா. "நான் போய்ப் பாக்கேல்ல. இப்பவும் அவவின்ர நம்பர் போனில கிடக்கு. எடுக்கிறதுக்கு முகமில்லை. உனக்கும் அப்பிடி வந்திடுமோ எண்டுதான் அன்ரிக்கு எடுத்தனான். உனக்காக எடுத்தனானோ எனக்காக எடுத்தனானோ எண்டு கேட்டியெண்டா, தெரியாது."

பிறகு தேதிகளைச் சொன்னாள். திங்கட்கிழமை ஒரு மணிக்கு முதல் பாடம். போக முடிந்தால் போகலாம். முடியாவிட்டால் நாளைக்கே மன்னாரில் டொக்டரைக் கண்டு சுகமில்லை என்று துண்டு எடுத்து, திங்கள் காலை பத்து மணிக்குள் கொடுத்தால், அடுத்த வருடப் பிள்ளைகளோடு எழுதலாம். அது தோல்வி இல்லை. இரண்டும் இல்லாமல் வீட்டில் இருந்தால் இரண்டாவது தடவையும் வராத கணக்கு. அதற்குப் பிறகு தான் எவ்வளவு கத்தினாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

"பாடம் தெரியும்தானே உனக்கு?"

"தெரியும். அது இல்லை அக்கா. பேப்பரைத் திருப்பேக்க எழுத்தெல்லாம் ஓடத் தொடங்கும். பிறகு மூச்சு. பக்கத்தில இருக்கிறவளுக்குக் கேட்டிடுமோ எண்டு மூச்சைப் பிடிப்பன். அப்ப இன்னும் கூடும். பிறகு வீட்டு ஞாபகம் வரும்."

"வீட்டில என்ன ஞாபகம்?"

அருள்நாயகி கையில் அகப்பையோடு நின்றாள்.

"அம்மாண்ட முகம். பெயில் எண்டு சொன்னா அப்பா கத்துவார். கத்திப்போட்டு மறந்திடுவார். அம்மா ஒண்டும் சொல்லமாட்டா. ஒரு சொல்லும் ஏசமாட்டா. அப்பிடியே எழும்பி வலைக்குப் போவா. அந்த முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?"

அருள்நாயகி அகப்பையை வைத்தாள். பிள்ளையை ஒரு நாளும் ஏசாமல் வளர்த்தவள் என்று அவளுக்கு ஊரில் பெயர் இருந்தது. அவளும் அதைத் தன்னுடைய ஒரே கெட்டித்தனமாக வைத்திருந்தாள். அவளை வளர்த்த வீட்டில் விடிந்தால் பொழுதுபட்டால் ஏச்சுத்தான். என்னுடைய பிள்ளைக்கு அது வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டவள். வலி, களைப்பு, நெஞ்செரிவு எல்லாவற்றையும் பல்லைக் கடித்து விழுங்கிவிட்டு எழும்பிப் போனவள். விழுங்கினதெல்லாம் முகத்தில் போய் நிற்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் முகத்தை அவள் எப்போது பார்த்தாள்? பூசைக்குப் போகும்போது, தலை வாரி இழுக்கிற நேரத்தில், அரைவாசி உடைந்த கண்ணாடியில்.

சாப்பாட்டைப் போட்டுக் கூப்பிட்டாள். டினோஜா வந்தாள். எல்லோரோடும் இருந்து சாப்பிட அவள் வெளியே வந்தது அந்தக் கிழமையில் அதுதான் முதல் தடவை. அருள்நாயகி சட்டியைத் தூக்கிக் காட்டி, "பிள்ளை, இது புதுச்சட்டி. இதில வேற ஒண்டும் காய்ச்சேல்ல," என்றாள்.

நுஸ்ரியா சட்டியையும் அவளையும் பார்த்தாள். "எனக்காக வாங்கினீங்களோ அன்ரி?"

"இல்லை இல்லை. வாங்கத்தான் இருந்தனான்."

"பொய்," என்றாள் டினோஜா, கோப்பையைப் பார்த்தபடி. அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அது தாயைப் பார்த்துச் சொன்ன சொல்.

நுஸ்ரியா இரண்டு தடவை சோறு வாங்கி, நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சிச் சாப்பிட்டாள். அவளுடைய சாப்பாட்டைப் பார்க்க அருள்நாயகிக்கு ஆறுதலாக இருந்தது. போகும்போது, வருகிறாயா வரவில்லையா என்று அவள் டினோஜாவிடம் கேட்கவில்லை. பஸ் நேரமும் மண்டபத்தின் இலக்கமும் எழுதிய தாள் ஒன்றை மேசையில் வைத்தாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அருள்நாயகி கூடப் போனாள். வெயில் மணலில் கொதித்தது. பனைக்கு அப்பால் காற்றாலைகள் சுற்றாமல் நின்றன.

"என்னட்டச் சொல்லாததெல்லாம் உங்களிட்டச் சொல்லியிருக்கிறாள்," என்றாள் அருள்நாயகி. குற்றமாகச் சொல்ல அவள் நினைக்கவில்லை. ஆனால் அப்படித்தான் வந்தது.

"நான் அவவுக்கு ஆருமில்லைத்தானே அன்ரி. அதாலதான் சொல்லியிருக்கிறா. என்ர உம்மாவுக்கு நானும் ஒண்டும் சொல்லுறேல்ல."

"உங்களிட்டச் சொன்னா நீங்கள் என்ன சொல்லுவீங்கள்? என்னமாதிரிப் பயத்தை எடுக்கிறது?"

"எடுக்கத் தெரியாது. ரெண்டு நாள் பயிற்சி வகுப்பு வைச்சவை. கேளுங்கோ, இடையில கதைக்காதேங்கோ, புத்தி சொல்லாதேங்கோ எண்டு. அவ்வளவும்தான் எனக்குத் தெரியும்." நுஸ்ரியா நின்று செருப்பிலிருந்த மணலை உதறினாள். "அஞ்சு பேர் அன்ரி. ஒவ்வொரு கிழமையும் அஞ்சு பேரின்ர பயத்தைக் கேக்கிறன். எனக்கு வேலை நிரந்தரமில்லை, அந்தப் பயம் வேற. போன் அடிச்சாலே எடுக்கப் பயம். ஆனா எடுக்காமல் விட்டா அதைவிட மோசம்."

இந்தப் பிள்ளையும் களைத்துப்போய்த்தான் இருக்கிறாள் என்று அப்போதுதான் அருள்நாயகிக்குத் தெரிந்தது. நான்கு நாளாக அவள் மேல் உள்ளூர ஒரு கோபம் இருந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேனே என்று. அந்தக் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க இப்போது உடம்பில் தென்பில்லை.

"நீங்கள் எழுதினது பிழையெண்டு நான் சொல்லமாட்டன் அன்ரி," என்றாள் நுஸ்ரியா, பஸ் வருவதைப் பார்த்துக்கொண்டு. "ஆனா இனிமேல் என்ன செய்யிறதெண்டாலும் அவவிட்டக் கேட்டிட்டுச் செய்யுங்கோ. நானும் அப்பிடித்தான் செய்யப்போறன்."

வெள்ளிக்கிழமை டொக்டரிடம் போகவில்லை. அருள்நாயகி காலையில் ஒரு தடவை கேட்டாள். "மன்னாருக்குப் போவமா பிள்ளை?" டினோஜா தெரியாது என்றாள். போவோம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. மத்தியானம் ஆனது. பின்னேரம் ஆனது. ஒரு வழி அப்படியே அடைபட்டுப் போவதை அருள்நாயகி பார்த்துக்கொண்டு இருந்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். வாயில் வந்ததை விழுங்கினாள். விழுங்கும்போதே முகத்தில் கைவைத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை யோசேப் வாடியிலிருந்து சாப்பிட வந்தான். கை கழுவிக்கொண்டு, அறைப் பக்கம் பார்க்காமல், சுவருக்குச் சொல்வதுபோல் சொன்னான்.

"ரெண்டு பாடம்தானே. நான் எட்டாம் வகுப்பில எட்டுப் பாடமும் விட்டனான். கோயிலில வாசிக்கேல்ல, அதுதான் வித்தியாசம்."

அறைக்குள்ளிருந்து மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம். யோசேப் மனைவியைப் பார்த்தான். அவள் சோற்றைப் போட்டாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது மூப்பர் அலெக்ஸாண்டர் அவளை மறித்தார். இந்தக் கிழமை பெட்டிக்குள் உன் துண்டைக் காணவில்லையே, மகளுக்கு நாளைக்குத்தானே சோதினை, இரண்டாம் பூசைக்கு நானாகவே ஒன்று சேர்த்து வாசிக்கட்டா என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அருள்நாயகி அவருடைய கையைப் பிடிக்காத குறையாக, வேண்டாம் மூப்பர், மனதுக்குள் சொல்லுங்கோ என்றாள். அவர் குழம்பிப்போய்த் தலையாட்டினார்.

அன்று பின்னேரம் அவள் முற்றத்தில் இருந்து கருவாட்டை உள்ளே அள்ளிக்கொண்டிருந்தாள். டினோஜா வந்து பக்கத்தில் குந்தினாள். நுஸ்ரியா வைத்துவிட்டுப் போன தாள் அவள் கையில் இருந்தது.

"நாளைக்கு ஏழு மணிக்கு பஸ்," என்றாள்.

அருள்நாயகி கையை நிறுத்தினாள். போகிறாயா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. "நான் வரட்டே?" என்று கேட்டாள்.

"வந்து என்ன செய்வீங்கள்?"

"ஒண்டும் செய்யமாட்டன். வெளியில இருப்பன்."

"வலைக்கு?"

"சிவபாக்கியம் அக்கா பாத்துக்கொள்ளுவா."

டினோஜா ஒரு கருவாட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "நான் இடையில எழும்பி வந்தாலும் வந்திடுவன்."

"வந்தா வா."

"அப்பிடி வந்தா என்னைப் பாத்து ஒண்டும் சொல்லாமல் இருக்காதேங்கோ அம்மா. ஏசுங்கோ. ஏதாவது சொல்லுங்கோ."

அருள்நாயகி கையிலிருந்த கருவாட்டைப் பாயில் வைத்துவிட்டு, "எனக்குக் கால் நோகுது பிள்ளை," என்றாள். "ரெண்டு வருஷமா நோகுது. முழங்காலுக்குக் கீழ. குந்தியிருந்து எழும்பேலாது. அதுதான் என்ர முகம் அப்பிடி. நீ இல்லை. சில நாள் நீயும்தான். ரெண்டு பாடம் விட்டது எனக்குச் சுடேல்ல. மறைச்சதுதான் சுட்டது. நெஞ்சு எரிஞ்சது. அதை உன்னட்டச் சொல்லாமல் போய் ஊருக்குச் சொன்னன். அது என்ர பிழை."

இவ்வளவு நீளமாக அவள் மகளோடு எப்போது கதைத்தாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. டினோஜா கையிலிருந்த தாளை மடித்து இடுப்பில் செருகினாள். எழும்பி, கருவாட்டுப் பாயின் மற்ற முனையைப் பிடித்தாள்.

திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோருக்கும் தெரியும். மருதமடு எண்ணெய்க்காரி முன்னால் வந்து, "பயப்பிடாமல் செய் பிள்ளை, நாங்கள் எல்லாரும் மன்றாடுறம்," என்று டினோஜாவின் நெற்றியில் சிலுவை போட்டாள். அருள்நாயகி நிலத்தைப் பார்த்தாள். பிள்ளை திரும்பி வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தாள். டினோஜா நெற்றியைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

பஸ் பாலத்தைத் தாண்டும் வரைக்கும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், முருங்கன் தாண்டியபோது சொன்னாள். "இனி எனக்கு ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. ஊரே கையில எடுத்திட்டுது." ஏச்சா, மன்னிப்பா என்று அருள்நாயகிக்கு விளங்கவில்லை. இரண்டும் கலந்து இருக்கலாம். ஏதோ ஒன்று சொல்லியிருக்கிறாளே என்று இருந்தாள்.

வவுனியாவில் நுஸ்ரியா வாசலில் நின்றாள். அவளுக்கு மண்டபத்துக்குள் போக அனுமதி இல்லை. கதவு வரைக்கும் போனாள். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டினோஜா பேனை இரண்டையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கதவு மூடியது.

மண்டபத்துக்கு எதிரே ஒரு வேப்பமரம். அதன் கீழ் ஆட்கள் இருப்பதற்கு ஒரு சீமெந்து வாங்கு. நுஸ்ரியா ஒரு கோப்பை பிளேன்ரி வாங்கிக் கொடுத்து, கொஞ்ச நேரம் கூட இருந்துவிட்டு, தன் கந்தோரில் வேலையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அருள்நாயகி கதவைப் பார்த்தபடி இருந்தாள். அரை மணித்தியாலம் போனது. கதவு திறந்தது. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். வந்தது வேறு ஒரு பிள்ளை. வாயைப் பொத்திக்கொண்டு படியால் இறங்கி ஓடியது. அந்தப் பிள்ளைக்கும் எங்கேயோ ஒரு தாய் இருப்பாள், இந்த நேரத்தில் அவள் எதையாவது கழுவிக்கொண்டோ கூட்டிக்கொண்டோ இருப்பாள் என்று அருள்நாயகி நினைத்தாள். மறுபடி இருந்தாள். காற்று வந்தது. வேப்பம்பூ மடியில் விழுந்தது. கதவு மூடியே இருந்தது. ஒரு கிழமையாக அவள் சரியாகக் கண்மூடவில்லை. கதவில் வைத்த கண்ணை எடுக்கக்கூடாது என்று நினைத்தது மட்டும் ஞாபகம்.

விழித்தபோது கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. வாய் உலர்ந்திருந்தது. மண்டபக் கதவு விரியத் திறந்து கிடந்தது. முற்றத்தில் ஒரு பிள்ளையும் இல்லை. பதறி எழும்பப் பார்த்தவளின் கையை யாரோ பிடித்தார்கள்.

டினோஜா பக்கத்தில் இருந்தாள். கண் சிவந்து, விரல்களில் மை.

"எப்ப வந்தனி?"

"முடிஞ்சு கனநேரம். மூண்டு மணித்தியாலமும் இருந்தனான்."

"எழுப்பியிருக்கலாமே பிள்ளை. நான் பாத்துக்கொண்டு இருக்கிறன் எண்டெல்லே சொன்னனான்."

டினோஜா தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து தாயிடம் நீட்டினாள். "நீங்கள் நித்திரை கொண்டு நான் ஒருநாளும் பாத்ததில்லை அம்மா," என்றாள். "பாத்துக்கொண்டு இருந்தனான்."

அருள்நாயகி தண்ணீரைக் குடித்தாள். எப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையாகவும் இல்லை, நேரமும் இல்லை. ஐந்தே கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, நோகுது," என்று வாய்விட்டுச் சொல்லியபடி எழும்பினாள்.

"மெல்ல எழும்புங்கோ," என்றாள் மகள். "இன்னும் ஒரு பேப்பர் கிடக்கு."